மரத்துக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்பு

வாத்தியார் வேலைக்கு யோசனை சொல்ல ஊரில் எல்லாருக்கும் உரிமை உண்டு. என்னைப்போல் இந்த உத்தியோகத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் வடக்கனந்தல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினேன். புதிதாக வந்த பத்தாம் வகுப்பில் பாதிப் பேராவது தேறாவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவதாக மேலே சொல்லிவிட்டார்கள். எடுத்தால் எங்கள் பெண் பிள்ளைகளின் படிப்பு ஒன்பதோடு நின்றுவிடும். பயந்துபோன தலைமையாசிரியர், "நல்லா நடக்கிற தொழிலப் போய்ப் பாருங்க, பாடம் நடத்தப் புதுசா எதுனா வழி புடிச்சிகினு வாங்க" என்று என்னைத் துரத்தினார்.

புடவை விரித்த கதை

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் ஒரு அம்மாளுக்குப் பிடிக்கும்வரை புடவையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. இதுதான் வழி என்று மறுநாள் ஒரே கணக்கை வேறு வேறு விதமாகப் போட்டுக் காட்டினேன். கரும்பலகை நிறைந்துவிட்டது. பெருமையாகத் திரும்பினால், நன்றாகப் படிக்கும் செல்வி எழுந்து நின்றாள். "மொத தபா சொன்னப்பவே புரிஞ்சிச்சி சார். இப்பதான் ஒண்ணும் புரியல."

கரும்பாலைக்காரர் வழி

கரும்பாலையில் ஃபீல்டுமேன் என்று ஒருவர் உண்டு. ஆலையிலேயே உட்கார்ந்திராமல் கொல்லை கொல்லையாகப் போய்க் கரும்பைப் பார்ப்பார். செல்வி திடீரென்று வராமல் போகவே, நானும் அதேபோல் மலையோரத்தில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா பெரியசாமி கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர். கட்டுக் கட்ட மகளையும் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். ஆலை முறையை எடுத்துச் சொல்லி, அதனால்தான் வந்தேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "ஃபீல்டுமேன் வந்தா வெட்டு ஆர்டர் குடுப்பாருங்க, எங்களுக்கு வேல கெடைக்கும். நீங்க வந்து இன்னா குடுக்கப் போறீங்க?"

பால் தாண்டியது

வந்த வழியே திரும்பிவிட்டேன். இருந்தும் அடுத்த வாரம் செல்வி வந்தாள். ஏன் அனுப்பினார் என்று விளங்கவில்லை. பரீட்சை நெருங்கியபோது இடஒதுக்கீடு கேட்டு மறுபடியும் சாலை மறியல் வந்தது. மலைக்குப் போகும் சாலையில் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எங்கள் பத்தாம் வகுப்பில் பாதி மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மரத்தருகே போய் நின்றேன். மறியல்காரர்கள் ஆளைத் தாண்ட விடவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பால்காரர் கேன்களை நீட்ட, இந்தப் பக்கத்துப் பால்காரர் வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார். பால் கெட்டுவிடுமென்று மறியல்காரர்களே ஒரு கை கொடுத்தார்கள். பால் போகலாம், பாடம் போகக் கூடாதா? பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகையைத் தூக்கிவரச் செய்து கிளைமேல் சாய்த்தேன். அந்தப் பக்கம் காத்து நின்ற செல்வியும் மற்றவர்களும் தார் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

சாக்பீஸை எடுத்தேன். அடிமரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நேராக என்னிடம் வந்தார். பார்த்தால் பெரியசாமி. அவர் பலகையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பலகை ஆடாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "படிப்புல சீட்டு கேட்டுத்தான் குந்திகினு கீறோம். நாளைக்கு சீட்டு குடுத்தா போயி ஒக்கார எம் பொண்ணு பாஸாவணுமில்லங்க? கணக்கப் போடுங்க."

செல்வி தேறினாள், பத்தாம் வகுப்பும் பிழைத்தது. ஆனால் இந்த முறையை எந்தத் தொழிலில் கற்றீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, பால்காரரைச் சொல்வதா மறியல்காரரைச் சொல்வதா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான்.