இருநூற்று நாற்பது ரூபாய்ப் பங்கு

அன்றைக்குக் காக்ஸ் டவுனில் மச்சான் வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் மனைவி, அவளுடைய அண்ணனான மச்சான், அவர் மகள். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து சாப்பிடப் போயிருந்தோம்.

தையல் மெஷின் வாங்கவென்று மச்சானிடம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கடன் வாங்கியிருந்தேன். மெஷின் வாங்கவில்லை. வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோகும் ஒரு கம்பெனியின் பங்கை வாங்கிவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. ஜீவனஹள்ளியில் எனக்கு பைக் சீட் கவர் தைக்கும் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் டெலிவரி ஆட்கள். இத்தனை சீட் கிழிகிறதென்றால் கம்பெனி எவ்வளவு ஓடும் என்று கணக்குப் போட்டேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் புதுக் கவர் வேண்டாம், ஒட்டுப் போட்டால் போதும் என்றதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னொரு கம்பெனிப் பங்கு ஆயிரத்து அறுநூறு. இது இருநூற்று நாற்பதுதான். மலிவு என்று நினைத்தேன். எட்டாவதோடு நின்றவன். வாங்கிய நாளிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கக்கூஸுக்கும் போனோடுதான் போவேன்.

மச்சான் மகளுக்கு வெளிநாட்டு இன்டர்நெட் கம்பெனிகளை எடைபோடும் ஆபீஸில் வேலை. "கடைக்கு வர்ற ஒருத்தர் கேக்குறாரும்மா" என்று ஆரம்பித்து, கம்பெனி பெயரையும் பங்கு விலையையும் சொன்னேன்.

லேப்டாப்பைத் திறந்தாள். "பங்கு விலைய மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாது மாமா. மொத்தக் கம்பெனிக்கும் என்ன விலை, வருஷத்துக்கு என்ன வருமானம், அத வெச்சுத்தான் ஒப்பிடணும். பிரேசில்ல இதே வேலை செய்ற கம்பெனிக்கு, ஒரு ரூபா வருமானத்துக்கு ரெண்டு ரூபா குடுக்குறாங்க. இந்தோனேசியாவுல ஒண்ணரை. உங்க ஆள் வாங்கினதுக்கு ஒம்பது."

என் கடைக்கு ஒரு வருட வியாபாரத்தை விலையாகச் சொன்னாலே கேட்டவன் ஓடிவிடுவான். இதற்கோ ஒன்பது வருட வியாபாரம்.

"நம்ம நாடு வளருதேம்மா."

"அந்த நம்பிக்கைக்குத்தான் கூடக் குடுக்குறாங்க. பிரேசில்காரனும் வளரத்தான் செய்றான். லாபமும் பாத்துட்டான்."

"அப்போ இருநூத்தி நாப்பதுக்கு வாங்கின ஐநூறையும் வித்துடலாமா, பொறுக்கலாமா? தூக்கமே வரலம்மா."

மனைவி திரும்பினாள். "கடைக்கு வர்றவருக்கா தூக்கம் வரல?"

மச்சான் கையிலிருந்த கறித்துண்டைத் தட்டில் வைத்தார். இருநூற்று நாற்பதை ஐநூறால் மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருப்பார். "புது மெஷின் நல்லா தைக்குதா மாப்ளே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு ஏறுமா இறங்குமா, எனக்குத் தெரியாது மாமா. கடன் காசுன்னா வெச்சிருக்காதீங்க" என்றாள் மகள்.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும், மனைவி பக்கத்தில் நிற்க, விற்றேன். விற்ற மறுநாளே ஏறிவிட்டால் என்ன செய்வது என்று அப்போதும் யோசித்தேன். பங்கு நூற்று ஐம்பத்தேழுக்குப் போனது. எழுபத்தெட்டாயிரத்து ஐநூறு வந்தது. அப்படியே மச்சானுக்கு அனுப்பினேன். அதன்பிறகு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இன்னும் நாற்பத்தோராயிரத்து ஐநூறு ரூபாய் பாக்கி.