இரண்டு ஹைப்போ

என் அக்கா செல்போனைக் கண்டால் துண்டை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். சென்னையில் ஆறு மாதம் மருந்து ஏற்றியதில் முடி மொத்தமும் கொட்டிப்போயிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட, அத்தான் அவளைத் தீவுக்கு, ஹேடோ குவார்ட்டர்ஸுக்கே திரும்பக் கூட்டிவந்துவிட்டார். அவருக்குத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பிரிவில் வேலை. பார்க்க வருகிறவர்களில் யாராவது ஆசையாகப் படமெடுக்கப் போனை நீட்டினால் போதும், அக்கா அவர்களை எரித்துவிடுவதுபோல் பார்ப்பாள்.

ஒருநாள் காலை பின்வாசல் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவள், என் தோளில் தொங்கிய பழைய பிலிம் கேமராவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இதுல எடுத்தா உடனே தெரியாதுல்ல?"

தெரியாது, கழுவினால்தான் தெரியும் என்றேன்.

"அப்ப எடு. நீயே கழுவணும். எனக்குக் காட்டணும். வேற எவனும் பாக்கக் கூடாது."

துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்க ஷாதிபூர்த் தெருவெல்லாம் நடந்தவள், மொட்டைத் தலையில் வெயில் பளபளக்க, என்னை முறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மொத்தச் சுருளையும் அவளுக்கே செலவழித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் ஹைப்போ இல்லை என்பது உறைத்தது.

பிலிம் கழுவ இரண்டு கரைசல் வேண்டும். முதலாவது படத்தை வரவழைக்கும். அதை நான் இன்ஸ்டன்ட் காபித் தூள், சலவைச் சோடா, மெடிக்கலில் வாங்கிய வைட்டமின் சி மாத்திரை எல்லாம் கலந்து குளியலறையிலேயே காய்ச்சிவிடுவேன். இரண்டாவது ஹைப்போ. வெளிச்சம் படாத மிச்சத்தைக் கரைத்து எடுப்பது அதுதான். அது இல்லாமல் பிலிமைப் பகலில் நீட்டினால் படம் கறுத்துப் போய்விடும். ஹைப்போவுக்கு அடுப்படியில் மாற்று கிடையாது என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்த கடைசி டின் இந்த ஊர் ஈரத்தில் கசிந்து, துருவோடு சேர்ந்து மஞ்சள் குழம்பாகிக் கிடந்தது. மூடியைச் சரியாக மூடாத மடையன் நான்தான், வேறு யாரைத் திட்ட?

சென்னைக் கடைக்காரர் அரை கிலோ அனுப்பத் தயாராக இருந்தார். கெமிக்கல் என்று எழுதினால் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று கூரியர்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். கப்பலில் போடச் சொன்னேன். கடல் சரியில்லாமல் கப்பல் கிளம்பவில்லை. தினமும் சாயங்காலம் அத்தானைக் கேட்பேன். "ஜஹாஸ் இன்னும் மெயின்லேண்ட்லயே நிக்குது மாப்ள" என்பார், ஏதோ அவர்தான் அதைப் பிடித்துவைத்திருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டு.

பள்ளி லேப்பில் கேட்டேன். மருந்துக் கடைகளில் கேட்டேன். மூடிக்கிடந்த ஸ்டூடியோவின் சொந்தக்காரரை வீட்டிலேயே போய் எழுப்பிக் கேட்டேன். யாரிடமும் இல்லை. அக்கா நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். கஞ்சி இரண்டு கரண்டி என்பது ஒரு கரண்டியாயிற்று. நான் உள்ளே நுழைந்ததும் "கழுவிட்டியாடா?" என்பாள். நாளைக்கு என்பேன். பொய் சொல்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். அதைவிட, நாளை என்பது எத்தனை மிச்சமிருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் போய்விடுவாள் என்பதைவிட, கேட்டுக்கொண்டே போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் நீச்சல் குளம் பார்த்துக்கொள்ளும் நண்பன் ஒருவன் உண்டு. கடைசியாக அவனுக்குப் போன் போட்டேன். ஹைப்போ இருக்குமா என்று கேட்டதுதான் தாமதம், சிரித்தான்.

"டென்ஷன் மத் லோண்ணே, கவலய விடுங்க. கேன் கேனா கெடக்கு. எத்தன லிட்டர் வேணும்?"

மறுநாள் படகில் ஐந்து லிட்டர் கேன் வந்து இறங்கியது. கரைத்தே அனுப்பியிருக்கிறான், எவ்வளவு பொறுப்பு என்று அவனை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டே ஸ்கூட்டரில் கொண்டுவந்தேன்.

அன்று காலைதான் குளியலறையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தேன். தூசி ஒட்டக்கூடாது என்று அவ்வளவு கவனம். கதவிடுக்கில் துணி அடைத்து, இருட்டில் பிலிமை வெளிச்சம் புகாத டப்பாவுக்குள் சுற்றி மூடினேன். அதன் பிறகு விளக்கைப் போடலாம், மூடியின் ஓட்டை வழியாகக் கரைசலை ஊற்றி எடுக்கலாம். காபிக் கரைசல் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும்போது, வெட்டி வைத்திருந்த பிலிமின் வால் துண்டு ஒன்றைக் கேன் தண்ணீரில் போட்டுச் சோதித்தேன். அது கண்ணாடியாகத் தெளிந்துவிட்டால் ஹைப்போ நல்ல ஹைப்போ. என் கண்ணெதிரே தெளிந்தது. காபியைக் கொட்டிவிட்டு, டப்பாவை அலசிவிட்டு, கேனைத் தூக்கினேன்.

எதற்கோ அந்தத் துண்டை இன்னொரு முறை எடுத்தேன். விரலில் வழுக்கியது. தேய்த்தால் கொழகொழவென்று, படம் பதியும் மேல்தோலே பிலிமிலிருந்து உரிந்து வந்தது. ஹைப்போ தோலை உரிக்காது. கேன் வாயில் மூக்கை வைத்தேன். ஆஸ்பத்திரித் தரையின் நாற்றம். காலையிலிருந்து அறை முழுக்க அதே வாடை அடித்ததில் எனக்கு உறைக்கவே இல்லை.

"ஹைப்போன்னா இதானண்ணே? குளத்துல தினம் இதத்தான ஊத்துறோம்" என்றான் நண்பன் போனில், பாவம். நீச்சல் குளத்துக்காரர்களும் ஆஸ்பத்திரிக்காரர்களும் ஹைப்போ என்று சொல்வது பிளீச் தண்ணீரை. ஊற்றியிருந்தால் அக்காவின் முகம் அந்தத் தோலோடு உரிந்து சாக்கடையில் போயிருக்கும். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டப்பாவுக்குள் படம் வந்துவிட்டது, ஆனால் திறக்க முடியாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போதுதான் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. ஹைப்போ புழக்கத்துக்கு வருவதற்கு முன் படம் கறுக்காமல் நிறுத்திவைக்கச் சாதாரண உப்பைத்தான் பயன்படுத்தினார்களாம். ஓடிப்போய்க் கடையிலிருந்த கல்லுப்புப் பாக்கெட் அத்தனையும் வாங்கினேன். ஊறுகாய் போடப் போகிறீர்களா என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். வெந்நீரில் இனிக் கரையாது என்கிறவரை கரைத்து, ஆறவைத்து ஊற்றினேன். உப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும், ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளில் நான் சாப்பிட்டேனா என்பது நினைவில்லை. டப்பாவை ஆட்டுவதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். மறுநாள் மதியம் அத்தான் கூப்பிட்டார்.

"மாப்ள, பேச்சு கொழறுது. ஒன்னத்தான் கேக்கா. எப்படி இருக்கோ அப்படியே கொண்டு வந்துரு."

திறந்தேன். ஓரமெல்லாம் பால் படர்ந்ததுபோல் மங்கல். நடுவில் அக்கா இருந்தாள். தண்ணீரோடு டிபன் டப்பாவில் போட்டு, கறுப்புப் பையில் சுற்றிக்கொண்டு ஹேடோவுக்குப் பறந்தேன்.

அத்தான் அவளைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார். சொட்டச் சொட்டப் பிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். இருட்டு வெளுப்பாகும், வெளிச்சம் கறுக்கும். வெயிலில் பளபளத்த அந்தத் தலை, கரேலென்று இருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"முடி வந்துருச்சுடா எனக்கு" என்றாள்.

இது நெகட்டிவ், பிரிண்ட் போட்டால் சரியாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் என் கையை அழுத்திப் பிடித்தார். அக்கா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இதுவே போதும்" என்றாள்.

நான்காம் நாள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு கப்பல் வந்தது. பார்சலை அத்தானே துறைமுகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். உப்பில் நிறுத்திய படம் நெடுநாள் நிற்காது. எனவே நல்ல ஹைப்போவைக் கரைத்து, பிலிமை மறுபடி அதில் போட்டெடுத்து, ஒரு மணி நேரம் அலசிக் காயவைத்தேன். இனி அது மங்காது.

பிரிண்ட் போட எல்லாமே என்னிடம் இருக்கிறது. போட்டால் அக்காவுக்கு மறுபடி முடி கொட்டிவிடும். போடவில்லை.