சூப்பர் ஹீரோவுக்கு யார் மீசை?

மெஷின் இரைச்சலுக்குக் கம்பெனியில் கொடுக்கும் இயர் பிளக்கைக் கழுத்தில் தொங்கவிட்டபடியே இன்று மகளின் பள்ளிக் கண்காட்சிக்குப் போய் நின்றேன். ஷிஃப்ட் முடிந்து நேராகப் போனால் இப்படித்தான்.

ஒரு டீச்சர் அதை ஸ்டெதஸ்கோப் என்று நினைத்து, "நீங்க டாக்டருங்களா?" என்றார். இல்லை என்று சொல்லக் கொஞ்சம் தாமதித்தேன்.

ஐம்பதுகளில் வந்த காமிக்ஸ் ஹீரோக்கள் வருங்காலத்தில் எப்படி இருப்பார்கள் என்று பிள்ளைகள் வரைந்திருந்தார்கள். என் மகளின் பறக்கும் ஹீரோவுக்கு நரைத்த மீசை, தொப்பை. பக்கத்தில் நின்றவரிடம், "நாந்தாங்க அது" என்றேன்.

"நீயில்லப்பா. எங்க ஸ்கூல் பஸ் டிரைவர் மஞ்சு அண்ணா" என்றாள் மகள்.

"அப்ப நான் எங்க?"

"இதோ, தீப்பிடிச்ச கட்டடத்துல டிபன் பையோட கத்திட்டிருக்கியே."

அந்தக் கட்டடத்தைவிட என் வயிறு அதிகமாக எரிந்தது.

"அவருக்கு மட்டும் என்ன அப்படி?"

"நான் லேட்டா ஓடி வந்தாலும் விட்டுட்டுப் போகமாட்டாருப்பா. பஸ்ஸை நிறுத்தி வெச்சிருப்பாரு."

அதற்குள் மஞ்சு அண்ணாவே வந்து படத்தைப் பார்த்தார். "மீசை ஸ்வல்ப, கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சு சார்" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"அளவாத்தாங்க இருக்கு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

உங்கள் வீட்டு ஹீரோ யார் என்று கீழே சொல்லுங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும்.

மகளிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. விடியும் முன்பு வரும் என் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. அவள் தூங்குவதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்புவதால், தினமும் அதன் பின்னால் டிபன் பையோடு கத்திக்கொண்டு ஓடுகிறேன்.