கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க

அட்ஜஸ்ட். இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வரும். பெரம்பலூர்ல பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்ககூட இதை மட்டும் சுத்தமா சொல்லுவாங்க. மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளா உக்கார அட்ஜஸ்ட். ஜாக்கெட்டை இறுக்கமா தைச்சுட்டு டெய்லர் சொல்றதும் அதுதான், குழம்புல உப்பு கூடிப்போனா அக்கா சொல்றதும் அதுதான். தமிழ்ல 'அனுசரிச்சுப் போ'ன்னு சொல்லலாம். ஆனா அப்படிச் சொன்னா ஒருத்தர் இன்னொருத்தருக்கு அடங்கிப்போறது வெளியில தெரிஞ்சிடும். இங்கிலீஷ்ல சொன்னா தெரியாது பாருங்க.

பக்கத்துல கொண்டுவந்து வைக்கிறதுங்கிறதுதான் அந்த வார்த்தையோட பழைய அர்த்தமாம். போகப்போக நியாயம்ங்கிற அர்த்தமும் அதோட ஒட்டிக்கிச்சாம். ரொம்ப நாள் கழிச்சு டிக்‌ஷனரியில பாத்தேன். நியாயமா? எங்கே இருக்கு அது?

என்னைக் கட்டிக்கொடுத்தது கீழப்பழுவூர்ல. அந்தாளு அடிப்பான், நான் பெரம்பலூருக்கு ஓடி வருவேன். அம்மா என் கண்ணைத் துடைச்சுவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா"ன்னுவாங்க. மறுநாளே அப்பா வாழைப்பழமும் இனிப்பும் பூவும் வாங்கிட்டு வந்துடுவார். கோவிச்சுக்கிட்டு வந்தவளை வெறுங்கையோட கொண்டுபோய் விட்டா தெரு பேசும். பழத்தோட போனா, அம்மா வூட்டுக்கு விருந்துக்குப் போய்ட்டு வர்றான்னு நினைச்சுக்கும்.

கடைசித் தடவை நான் முழுகாம இருந்தேன். "அனுப்பாதீங்கப்பா, செத்துடுவேன்ப்பா"ன்னு அப்பா காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். அவர் காலை விடுவிச்சுக்கிட்டு பழம் வாங்கப் போயிட்டார்.

அரியலூர்ல பஸ் மாறினோம். நிக்க இடமில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா, புள்ளத்தாச்சிப் பொண்ணு"ன்னு அப்பா ஒரு சீட்டுக்காரங்ககிட்ட கெஞ்சினார். நுனியில தொத்திக்கிட்டேன். கண்டக்டர் கூட்டத்தைப் பொளந்துக்கிட்டு வந்தப்போ அவர் பை என் இடுப்புல இடிச்சுது. "அய்யோ!"ன்னு அலறிட்டேன். புடவை விலகிடுச்சு. கரண்டியைக் காய்ச்சி அந்தாளு வச்ச சூடு, ஆறாம கிடந்துது. அம்மாகிட்டகூட அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

அப்பா பாத்துட்டார். இறங்கிடுவோம்னு சொல்லுவார், சொல்லுவார்னு அவர் முகத்தையே பாத்துக்கிட்டு வந்தேன். பஸ் கீழப்பழுவூர் வந்தே சேந்துடுச்சு. அவர் பழப்பையைத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்தார். நான் பின்னால போனேன்.

வாசல்லயே மாமியார். "வாங்க சம்மந்தி. ஆம்பளைன்னா கோவம் இருக்கத்தான் செய்யும், பொண்ணுதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்"னு பைக்குக் கை நீட்டினாங்க.

அப்பா பையைக் கொடுக்கலை. "முடியாதுங்க"ன்னார். மறுபடியும், "எம் பொண்ணால முடியாதுங்க"ன்னார்.

திரும்பி வந்து பஸ்ஸுக்கு நின்னோம். காலையிலருந்து ரெண்டு பேரும் பச்சத்தண்ணி குடிக்கலை. தெரு பாக்கட்டும்னு அங்கேயே பழத்தை உரிச்சு என் கையில கொடுத்தார். அப்பா அழுதுக்கிட்டே தின்னார்.