கை காட்டும் வரை

இரும்பு யார்டில் அவளை எல்லோரும் கிரேனக்கா என்பார்கள். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து தகடுகளைத் தூக்கி இறக்குகிறவள். கீழே நின்று தூக்கு, இறக்கு என்று அவளுக்குக் கை காட்டுகிறவர் அவளுடைய புருஷனேதான். வீட்டில் சண்டை போட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த நாளிலும், பதினோரு வருஷம் கொக்கி ஒரு விரற்கடைகூடப் பிசகாமல்தான் இருந்தது.

அந்தப் பழக்கம்தான் தலைக்கேறிவிட்டது. ஆறு வாரத்துக்கு முன், அடுத்து அவர் எதைக் காட்டுவார் என்று எனக்குத் தெரியாதா என்ற மிதப்பில், கை அசையும் முன்பே தகட்டை இறக்கினாள். அவருடைய இடது பாதத்தில் இரண்டு எலும்புகள் நொறுங்கின.

"சரி விடு" என்று அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னார். அதோடு சரி, பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாளை அவர் வேலைக்குத் திரும்புகிறார். எந்தக் கிரேனுக்குக் கீழே நிற்பது என்பதை அவரே சொல்லட்டும் என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார். மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

மதியமே மூன்று துண்டு மாட்டிறைச்சியைப் பூண்டு, மிளகு, வினிகர், எண்ணெய் எல்லாம் பிசறி ஊற வைத்திருந்தாள். கரியில் வாட்டிய ஸ்டீக் என்றால் அவருக்கு உயிர். உப்பு போட்டோமா என்று மகளை மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

"போட்டாச்சும்மா! இன்னொரு வாட்டி கேட்டா நானே ஒரு கை அள்ளிப் போட்டுடுவேன்."

சாயங்காலம் கொல்லையில் கரி அடுப்பு கனன்றது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். எப்போதும் அவள் இடுக்கி பிடிப்பாள், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலைச் சுழற்றித் திருப்பச் சொல்வார். "உங்க ரெண்டு பேருக்கும் வாய் எதுக்கு?" என்று மகள் கிண்டலடிப்பாள். விபத்துக்குப் பிறகு இன்றுதான் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

கம்பி வலையில் இறைச்சி சீறியது. அடிப்பக்கம் வெந்துவிட்டது, வாசனையிலேயே அவளுக்குத் தெரிந்தது. கை பரபரத்தது. அவள் திருப்பவில்லை, அவரைப் பார்த்தாள். அவர் கைகள் மடியில் கிடந்தன. பார்வை நெருப்பில் இருந்தது.

கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பியது.

"அம்மா, கருகுது! திருப்பு!"

"இரு."

"இன்னும் என்ன இரு? கரியாயிடும்மா!"

"அப்பா இன்னும் கை காட்டல."

அவர் நிமிர்ந்தார். புகையில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. இடுக்கி அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை. அவர் கையே காட்டாமல் விட்டுவிட்டால்?

மடியிலிருந்து அவருடைய வலது கை எழுந்தது. விரல் மெல்லச் சுழன்றது.

மூன்று துண்டுகளையும் சட்டென்று புரட்டினாள். ஒரு பக்கம் அட்டக்கரி.

சாப்பிடும்போது அவர் கத்தியால் கரியைச் சுரண்டினார். ஒரு வாய் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு சீக்கிரம் எழுப்பி விடு. நீ மேல ஏறுறதுக்குள்ள நான் கீழ வந்து நிக்கணும்ல."

அவள் தலையை ஆட்டினாள். இருப்பதிலேயே அதிகம் கருகிய துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, சுரண்டாமலே தின்றாள்.