ஸ்டியரிங் இல்லாத பக்கம்

மாமாவின் பிரெஞ்சுக் காரை ஓட்டியது மாமா இல்லை, நான்தான் என்று நாலாம் வகுப்பில் நான் உறுதியாக நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள், காரணம் இருந்தது.

அந்த வண்டி பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரரிடமிருந்து திருமுல்லைவாயிலுக்கு வந்தது. கதவைச் சாத்தினால் ‘டப்’ என்று ஒரு சத்தம். அதைக் கேட்பதற்காகவே தெருப் பையன்கள் திறந்து திறந்து சாத்துவார்கள். ஆனால் ஸ்டியரிங் இடது பக்கம். அங்கே உட்கார்ந்து நம் ஊர்ச் சாலையில் போனால் முன்னால் போகும் லாரியின் முதுகுதான் தெரியும், எதிரே வருவது எமனா பஸ்ஸா என்று தெரியாது. எனவே வலது சீட்டில் இருப்பவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து ‘போலாம்’, ‘இரு’ என்று சொல்ல வேண்டும். அது அத்தையின் வேலை. மாமாவும் அவள் பேச்சைத் தட்டாமல் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

வெயில் காலம் வந்தால் வண்டி கொதித்து நின்றுவிடும். உதிரி சாமான் பாரீஸில் கிடைக்கும், எங்கள் மெட்ராஸ் பாரீஸ் கார்னரில் கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும் வழியில் பட்டுப்புடவையோடு அத்தை வண்டியைத் தள்ள வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லியில் அத்தையின் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அத்தை விறைப்பாகப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வலது முன்சீட் எனக்கு வந்தது. கூடவே தபால்காரன் உத்தியோகமும்.

“உங்க மாமாகிட்ட சொல்லு. இன்னிக்கு வழியில ஒரு தபா நின்னாலும் நான் எறங்கி பஸ்ல பூடுவேன். நாளைக்கே இத்த வித்துடணும்.”

கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மாமா என்னிடம் சொன்னார்: “நிக்காதுன்னு சொல்லுடா.”

வண்டி போய்விட்டால் தெருவில் எனக்கு என்ன மரியாதை? நிற்க விடக் கூடாது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அயனம்பாக்கம் தாண்டும்போதே சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. மாமா ஹீட்டரை முழுசாகத் திருகினார். இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டால் இன்ஜின் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. நாங்கள் பிழைப்பது அந்தக் கணக்கில் இல்லை. மே மாதம். அத்தையின் பவுடர் கழுத்து வழியாக இறங்கியது. எனக்கு நேர் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, காற்றுக்காக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டாள்.

“இன்னாடா, உங்க மாமா நம்பள அவிச்சி எட்த்துகினு போறாரா?”

“அவிஞ்சாலும் நிக்காதுன்னு சொல்லு.”

வேலப்பன்சாவடியில் எங்கள் முன்னால் ஒரு தண்ணீர் லாரி வந்து மாட்டியது. சாலையெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு நடைபிணமாக ஊர்ந்தது. மெதுவாகப் போனால் ரேடியேட்டருக்குக் காற்று இல்லை. முள் சிவப்பைத் தொட்டது. முந்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நிற்கும்.

“எதிர்ல இன்னாடா கீது?” என்றார் மாமா.

தலையை நீட்டினேன். புழுதி, ஹாரன், அதற்குள் ஏதோ பெரிதாக ஒன்று. அது வருகிறதா போகிறதா என்றே புரியவில்லை. வீரன் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு “போலாம் மாமா” என்றேன்.

வண்டி போகவில்லை. மறு நொடி ஒரு பஸ் என் தலைமுடிக்கு வகிடு எடுத்துவிட்டுப் போயிற்று. “இரு மாமா, இரு மாமா” என்று அலறினேன். வண்டி சரேலென்று வெளியே பாய்ந்து லாரியை முந்தியது.

சொன்னதற்கெல்லாம் நேர்மாறாக நடந்திருந்தது. நாலாம் வகுப்பு மூளை உடனே காரணம் கண்டுபிடித்தது: வாய் உளறியது, மனசு சரியாக நினைத்தது, பிரெஞ்சு வண்டி மனசைக் கேட்டுவிட்டது. அதன்பின் நான் வாயே திறக்கவில்லை. முஷ்டியை இறுக்கி, மனசாலேயே பூந்தமல்லி வரை ஓட்டினேன்.

மண்டப வாசலில் ஆவி பறக்க வந்து சேர்ந்தோம். வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை. பெருமையோடு திரும்பினேன். அத்தையின் கொண்டை கலைந்து, முகமெல்லாம் புழுதி. முன்னால் நீண்ட இடது கை மாமாவின் தோளில் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தது. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

“பயப்படாத அத்தே. அதான் நான் ஓட்னேன்ல.”

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை.

வண்டி நின்றிருந்தால் அத்தை ஜெயித்திருப்பாள். அவளோ வேலப்பன்சாவடியிலிருந்து வெளியே பார்த்தபடி, மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் அழுத்தினால் மாமா போனார். பின்னால் இழுத்தால் நிதானித்தார்.