அப்பா பிடித்த மீன்

எங்கள் அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு மீன்தான் பிடித்தார். அதையும் அவர் பிடிக்கவில்லை. ஆனாலும் மொன்றியலில் எங்கள் சொந்தக்காரர் சிலர் கல்யாண வீடுகளில் அவரைக் கண்டால், "என்ன, இந்த வருசம் ஆத்துப் பக்கம் போகேல்லையோ?" என்று இன்றைக்கும் கேட்பார்கள். அப்பா தன் வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரிப்பார்.

மீனைப் பிடித்தவர் சித்தி. சித்தப்பா ஸ்பொன்சர் செய்து, தை மாதக் குளிருக்குள் வந்து இறங்கியவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நடு அறையை அவர்களுக்குக் கொடுத்திருந்தோம். எனக்கு அப்போது எட்டு வயது. வந்த நாளிலிருந்து சித்தி அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார். கூச்ச சுபாவம் என்று அம்மா சொன்னார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கொழும்பு என்று சொல்லும்படி அத்தை எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தார். விசாவுக்காகச் சித்தி கொழும்பில் ஒரு வருடம் இருந்தவர்தான். ஆகவே அது முழுப் பொய்யும் இல்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. ரொக்ஸ்பரோவில் சொந்த வீடு, இரண்டு கார், ஒரே மகள். எங்கள் குடும்பத்தில் யார் யாரைக் கட்டுவது, யார் எங்கே வேலைக்குப் போவது என்பதெல்லாம் அவருடைய சமையலறை மேசையில்தான் தீர்மானமாகும். அப்பா ஐம்பது வயதுவரை அந்த மேசையில் வாயைத் திறந்ததில்லை.

பனி கரைந்து வைகாசி பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சித்தப்பா எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. கரையோரப் புல்லுக்குள், முழங்காலளவு தண்ணீரில், பெரிய பெரிய கார்ப் மீன்கள் முதுகு வெளியே தெரியப் புரண்டுகொண்டிருந்தன. முட்டையிட வருபவை. சேற்று மீன் என்று இந்த ஊர்க்காரர் அவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. சித்தி பார்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

"இந்த நேரம் இதுகள் இரை எடுக்காது," என்றார். "கொளுவித்தான் இழுக்கவேணும்."

அந்தக் கிழமை முழுவதும் சித்தி வேறு ஆளாக இருந்தார். சந்திக் கடையில் பெரிய தூண்டில் முள் மூன்று வாங்கி, முதுகோடு முதுகு சேர்த்து, மெல்லிய செப்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றினார். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நின்றது. பாரத்துக்கு ஈயம் கிடைக்கவில்லை. அப்பா வேலைசெய்யும் கிடங்கிலிருந்து எப்போதோ சட்டைப்பையில் வந்த இரும்பு நட்டு இரண்டைக் கோத்துக்கொண்டார். கிடைத்ததிலேயே தடித்த நைலோன் தங்கூசியை வெறும் பால்மா ரின்னில் சுற்றி, அப்பாவின் பழைய வேலைக் கையுறை ஒன்றையும் எடுத்து எல்லாவற்றையும் கைப்பைக்குள் வைத்தார். தங்கூசி ஓடும்போது வெறுங்கை என்றால் அறுத்துவிடுமாம். கட்டிலில் சம்மணமிட்டிருந்து இதையெல்லாம் பார்த்த எனக்குச் சித்தியின்மேல் பெரும் பக்தியே உண்டாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு முக்கியமான ஞாயிறு. அத்தையின் மகளான மச்சாளைப் பெண் பார்க்க ரொறன்ரோவிலிருந்து மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வருகிறார்கள். சித்தப்பாவுக்குத் துறைமுகத்தில் லொறி வேலை இருந்ததால் அவர் வரவில்லை. நாங்கள் விடியவே போய்விட்டோம். அம்மா வெங்காயம் வெட்ட, சித்தி தேங்காய்ப்பூவைக் கையிலெடுக்க, அத்தை அதை வாங்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "நீ உந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆத்தங்கரையில கொஞ்சம் நில்லு. அவை சாப்பிட்டு எழும்பினாப் பேந்து வரலாம்."

அத்தை எவ்வளவு நல்லவர் என்று நான் நினைத்தேன். எங்கள் பையில் என்ன இருக்கிறதென்று தெரிந்தே அனுப்புகிறார் போலிருந்தது.

சித்தி வெயில் முதுகில் விழும்படி, ஆனால் நிழல் மீன் கிடக்கும் பக்கம் போகாதபடி இடம் பார்த்து நின்றார். மீனை நோக்கி எறியவில்லை. அதற்கு நன்றாக அப்பால் எறிந்தார். நட்டு அடியில் போய் இருக்கும்வரை பொறுத்தார். தங்கூசி மீனின் முதுகுக்குக் குறுக்கே வரும்படி மெல்ல மெல்லக் கூட்டினார். இரண்டுமுறை வெறும் புல்தான் வந்தது. மூன்றாம் முறை ஏதோ தட்டுப்பட்டிருக்கவேண்டும், கையை ஒரே வெட்டாகப் பின்னுக்கு இழுத்தார். தண்ணீர் கொதித்தது. பால்மா ரின் என் கையிலிருந்து துள்ளி ஓடியது. சித்தி இழுபறிப்படவில்லை. ஓடு என்று விட்டார், களைத்தபோது கூட்டினார், மறுபடி விட்டார். கடைசியில் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி, செவுளுக்குள் விரல் கொடுத்துத் தூக்கினார். என் காலைவிட நீளமான மீன். பாவாடை நனைந்து, தலை கலைந்து, சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அவ்வளவு அழகாக நான் அவரைப் பார்த்ததில்லை.

பிறகு அந்த முகம் மெல்ல மாறியது. மீனைக் கறுப்புப் பையில் போட்டுச் சுற்றியபடி, "இதைக் கராஜுக்குள்ள வைச்சிட்டுப் பின்னேரம் வீட்டை கொண்டுபோவம். ஒருத்தருக்கும் சொல்லாதை என்ன," என்றார்.

நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் முதலாவதாக வந்தால் நாமே சொல்லித் திரியக்கூடாது, மற்றவர்கள்தான் சொல்லவேண்டும் என்று அம்மா எனக்குப் படிப்பித்திருந்தார். அந்த மற்றவர் நான்தான் என்று முடிவுசெய்தேன். சித்தி கராஜ் கதவைத் திறக்கக் குனிந்த நேரம் பார்த்து உள்ளே ஓடினேன்.

ஹோலில் வந்தவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பட்டுச்சேலையில் நிமிர்ந்திருந்தார். தகப்பன் மனிதர் சாய்ந்து கிடந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோடா வாங்க டெப்பனர் என்கிற சந்திக் கடைக்குப் போயிருந்த அப்பா, அப்போதுதான் போத்தல்களோடு உள்ளே வந்து நின்றார்.

"சித்தி என்ர காலைவிடப் பெரிய மீன் பிடிச்சவ," என்றேன். "முள்ளில இரை ஒண்டும் குத்தேல்லை. முதுகில கொளுவி ஒரே இழுவை."

என்னைத் துரத்திக்கொண்டு வந்த சித்தி வாசலில் நனைந்த பாவாடையோடு நின்றார். மாப்பிள்ளையின் தாய் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பிள்ளை ஊரில எவடம்?"

"கொழும்பு," என்று அத்தை முந்திக்கொண்டார்.

"கொழும்புக்கு முதல்?"

ஊரில் எவடம் என்பது ஊரைக் கேட்கும் கேள்வியல்ல, சாதியைக் கேட்கும் கேள்வி. கடல் தொழில் செய்யும் குடும்பத்தில் பெண்ணெடுத்திருக்கிறோம் என்று தெரிந்தால் மச்சாளின் கல்யாணப் பேச்சு அன்றோடு சரி. அந்த ஹோலில் இது தெரியாத ஒரே ஆள் நான்தான்.

"அது நான் பிடிச்ச மீன்," என்றார் அப்பா.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். கோழி வெட்டினாலே அடுத்த அறைக்குப் போய்விடும் மனிதர் அவர். சோடாப் போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி, "கடைக்குப் போற வழியில ஆத்தடியில கொஞ்சம் மினக்கெட்டனான்," என்றார்.

அதோடு போயிருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் தகப்பன் சனி ஞாயிறென்றால் ஒன்ராறியோ வாவிகளில் தவம் கிடப்பவராம். அவர் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன இரை போட்டீர்கள் என்று கேட்டார். பாண் என்றார் அப்பா. "இரையே போடுறேல்லை," என்றேன் நான். எவ்வளவு தூரம் எறிந்தீர்கள் என்றார். மீனின் தலைக்கு நேரே என்றார் அப்பா. "அங்காலை எறிஞ்சு இஞ்சாலை இழுக்கவேணும்," என்றேன் நான். அம்மா என் தொடையில் கிள்ளினார். எனக்குக் கண்ணீர் வந்தது, கிள்ளியதால் அல்ல. அப்பா பொய் சொல்வார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதுவும் சித்தியின் மீனைத் தன்னுடையது என்று சொல்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை. சித்தியோ பாவாடையின் ஈர ஓரத்தைப் பிழிந்துகொண்டு நின்றார்.

"கொளுவி இழுக்கிறது சட்டப்படி பிழையல்லோ," என்றார் வந்தவர். "பிடிச்சாங்கள் எண்டால் தண்டம் அடிப்பாங்கள்."

அப்பா அந்தக் கொப்பைத் தாவிப் பிடித்தார். "அதுதான், இனிமேல் இல்லையெண்டு விட்டிட்டன்."

"பிடிக்க வேண்டாம். எறிஞ்சு மட்டும் காட்டுங்கோ. நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

சோறு ஆறிப்போகும் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். மனிதர் சப்பாத்தை மாட்டிவிட்டார். எல்லாருமாக ஊர்வலம் போல ஆற்றங்கரைக்குப் போனோம். போகும் வழியெல்லாம், அப்பா தோற்கவேண்டும் என்று நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு போனேன்.

பிள்ளையார் கேட்டார். அப்பா கையுறை போட மறந்து, தங்கூசியைத் தலைக்குமேல் சுழற்றினார். முதல் சுழற்சி சரி. இரண்டாவதில் நட்டு பின்னால் நின்ற மரக்கொப்பில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பா முகத்தை மறைக்கக் கையைத் தூக்க, மூன்று முள்ளில் ஒன்று பெருவிரல் அடிச்சதையில் முழுதாக இறங்கிவிட்டது. இரத்தத்தைப் பார்த்ததும் அப்பா சத்தமில்லாமல் புல்லில் இருந்துவிட்டார். முகம் வெள்ளைக் கடதாசியாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பிடித்து இழுக்கப் பார்த்தார். முள்ளின் எதிர்ப்பல் சதைக்குள் மாட்ட, அப்பா முனகினார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"விடுங்கோ," என்று ஒரு குரல் கேட்டது. சித்தி. அவர் வந்த விதத்தில் எல்லாரும் வழிவிட்டார்கள். அப்பாவின் முன்னால் முழங்காலில் இருந்து, முள்ளின் வளைவுக்குள் ஒரு துண்டுத் தங்கூசியைக் கொடுத்துத் தன் விரலில் சுற்றினார். மற்றக் கையின் பெருவிரலால் முள்ளின் தண்டைத் தோலோடு அமர்த்தினார்.

"அத்தான், காரை எங்கை விட்டனீங்கள்?"

"கார் அங்கை, அக்கா வீட்டு..."

சொல்லி முடிக்கமுன் ஒரு சுண்டு. முள் வெளியே வந்துவிட்டது. சித்தி காயத்தைத் தன் சால்வையால் இறுக்கிக் கட்டினார்.

"கெட்டிக்காரி. உது எங்கை பழகினது?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன், உண்மையான மரியாதையோடு.

சித்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை மெல்ல ஆட்டினார், சொல்லாதே என்று. சித்தி எழுந்து நின்றார்.

"எங்கட அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. நாங்கள் கடல் தொழில் செய்யிற ஆக்கள்," என்றார். ஊரின் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

மாப்பிள்ளையின் தாய் சித்திக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அத்தையைப் பார்த்து, "இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்றார்.

அத்தை கொஞ்ச நேரம் ஆற்றையே பார்த்தார். தன் மகளின் கல்யாணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு, "அவள் என்ர தம்பியின்ர பெண்சாதி," என்றார். "அதுக்கு மேல உங்களுக்கு என்ன சொல்லவேணும்?"

இருட்டமுன் ரொறன்ரோ போய்ச் சேரவேண்டும் என்று அவர்கள் சாப்பிடாமலே கிளம்பினார்கள். அப்போது மத்தியானம் ஒரு மணி. மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் கார்க் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தார். எனக்கு அது பெருநாளாகிப் போயிற்று. அவ்வளவு ரோல்ஸும் வடையும் கேசரியும் எங்களுக்கே. மச்சாள் சேலையை மாற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்து, எனக்குத் தன் பங்குக் கேசரியையும் தந்தாள். அவளுக்குக் கேசரி பிடிக்காதாக்கும் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அத்தை சித்தியைத் தலையில் வைத்துக் கொண்டாடினார் என்று எழுதினால் நான் அப்பாவையும் மிஞ்சிய பொய்க்காரி. கராஜ் நாறுகிறது என்று அந்தக் கோடை முழுவதும் திட்டினார். அப்பாவோடு இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சாளுக்கு வேறிடத்தில் கல்யாணமாகச் சில வருடங்கள் சென்றன. அந்தப் பழி கொஞ்சம் சித்தியின் தலையிலும் விழுந்தது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தி அறைக்குள் போகவில்லை. எவடம் என்று கேட்டவர்களுக்கு அவரே சொன்னார். அத்தை குறுக்கே பேசவில்லை.

அன்று மாலை அம்மாதான் காரை ஓட்டினார். அப்பா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். நான் அவரோடு பேசுவதில்லை என்று சபதமெடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் இருந்தேன். என் பக்கத்தில் சித்தி அழுதுகொண்டு வந்தார். சத்தமில்லாத அழுகை, நிற்காத அழுகை. எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சித்தி அழுறீங்கள்? மீனை நீங்கள்தான் பிடிச்சது எண்டு இப்ப எல்லாரும் நம்பீட்டினம்தானே."

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தி அழுகைக்குள்ளேயே சிரித்து, "ஓம் குஞ்சு, நம்பீட்டினம்," என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அப்பா பறிக்கப் பார்த்த மீனைச் சித்திக்கு மீட்டுக் கொடுத்தது நான்தான் என்ற பெருமையோடு, அவருடைய மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.